குணசேகரன் சார் தாழ்த்திய விளக்குகள்

யூசுப் பாயின் அழைப்பு வந்தபோது மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்துகொண்டிருந்த நேரம். காரைக்காலில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர் அவர். என்னை அழைக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

"டீச்சர், கொஞ்சம் உக்காந்துக்குங்க" என்றார். பிறகு, "நம்ம டிராயிங் சார் மவுத்தாயிட்டாருங்க. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவரு எந்திரிக்கலையாம்" என்றார்.

கையில் ஒரு போர்வை இருந்தது. கடல்காற்றில் அது உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அதை மடித்தேன். மறுபடி பிரித்து, மறுபடி மடித்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. கீழே இறங்கி வந்தபோது வீட்டுக்குள் விளக்கு போடும் அளவுக்கு இருட்டியிருந்தது.

குணசேகரன் சாரிடம் ஓவியம் கற்றவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் அவர் வரைந்து கொடுத்த மயிலோ தேரோ இருக்கலாம். என்னிடம் இருப்பது அவருடைய காரின் கதை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை இதுவரை நான் எழுதியதில்லை.

நாங்கள் இருவரும் பூவத்துக்காரர்கள். பள்ளி இருந்தது மாவட்டத்தின் மறுகோடியில், திருமலைராயன்பட்டினத்தில். காரைக்காலில் பஸ் மாறி நின்று அலுத்துப்போய், தன் மைத்துனரிடமிருந்து அவர் ஒரு பழைய காரை வாங்கினார். கணக்கு டீச்சரான நான் அவருடைய நிரந்தரப் பயணி ஆனேன். வாங்கும்போதே அந்தக் காருக்குப் பதினெட்டு வயது. உப்புக்காற்றும் வெயிலும் தின்று ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மூடிகள் பழுப்பேறிக் கிடந்தன. முன் பம்பர் இடப்பக்கம் உள்வாங்கியிருந்தது. கிரில்லில் இரண்டு கம்பிகள் இல்லை.

"ராஜம் இதுல ஏற மாட்டேங்கிறா டீச்சர்" என்று மனைவியைப் பற்றிச் சொன்னார். "பல்லு விழுந்த ஆளு வாசல்ல நின்னு கூப்புடுற மாதிரி இருக்காம்."

அதன் பிறகு அந்தக் காரின் முகம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஓவிய நோட்டில் அதன் முன்பக்கத்தை விதவிதமாக வரைந்தார். ஒன்றில் கிரில் கறுப்பு, இன்னொன்றில் வெள்ளி. ஒன்றில் பம்பர் அகலமாகச் சிரித்தது. படங்களை ஆசிரியர் அறைச் சுவரில் வரிசையாக ஒட்டி, எல்லோரையும் ஓட்டுப் போடச் சொன்னார். தலைமை ஆசிரியை கூட மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்று பார்த்தார். வகுப்பில் அவர் அடிக்கடி சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்: "எங்க நின்னு பாக்குறோமோ, அதுக்கேத்த மாதிரிதான் படம்." காரின் நேர் எதிரே, வெயிலில் நின்றுதான் அத்தனை படங்களையும் அவர் வரைந்தார்.

மூன்று சனிக்கிழமைகள் ஹெட்லைட்டைத் தேய்த்தார். முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைசான தாள் வரை, தண்ணீர் விட்டு விட்டு, வட்டமாக. ஒருநாள் அந்த வழியாகப் போனவள் நின்று பார்த்தேன். பழுப்பு கரைந்து, மூடிக்குள் தெளிந்த நீர் மெல்ல ஏறி வருவது போலிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கு நாங்கள் செய்த பயணங்களும் அப்படித்தான். பாதி வழி பேச்சில்லாமல் போகும். வயல்களும் வாய்க்கால்களும் தூக்கத்தில் வருவது போல வந்து போகும்.

ஆனால் விளக்கைப் போட்டால் வெளிச்சம் சோகையாக இருந்தது. "இவ்வளவு பாடுபட்டுட்டு, எரிஞ்சா அகல் விளக்கு மாதிரி இருக்கே சார்" என்று சொன்னது நான்தான்.

அவர் வெள்ளை எல்.இ.டி. பல்புகளை வரவழைத்தார். மாட்டித்தரக் கேட்டபோது யூசுப் பாய் மறுத்துவிட்டார். "லைட்டுக்குள்ள இருக்குற இந்த ரிஃப்ளெக்டருக்கு இந்த பல்பு சேராது சார். வெளிச்சம் கண்ட பக்கம் செதறும். எதிர்ல வர்றவன் கண்ணப் புடுங்கிடும்" என்றார். சார் சிரித்துக்கொண்டே பல்புகளைத் திரும்ப எடுத்துவந்து வீட்டில் தானே மாட்டிக்கொண்டார். மறுநாள் அதைப் பார்த்த நான் கைதட்டினேன்.

அது மார்கழி. பத்தாம் வகுப்புக்கு விடியற்காலைச் சிறப்பு வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. அன்று பனி தரையோடு படுத்திருந்தது. காரைக்காலைத் தாண்டியதும் வயல் எது, சாலை எது என்று தெரியவில்லை. எங்கள் வெளிச்சம் பனியில் பட்டு ஒரு வெள்ளைச் சுவராக எங்களோடு நகர்ந்தது. ஏதோ மேகத்துக்குள் போவது போலிருந்தது எனக்கு. அழகாகத்தான் இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மொபெட் வந்தது. பின்னால் மீன் அன்னக்கூடைகள். ஓட்டி வந்தவர் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்ததைப் பார்த்தேன். வண்டி ஒருமுறை நெளிந்து, சாலையை விட்டு இறங்கி, வயலுக்குள் மறைந்தது.

சார் காரை ஓரம் கட்டிக் கதவைத் திறந்தார். நான் சொன்னேன்: "நாம ஒண்ணும் இடிக்கலையே சார். ஆளுங்க வருவாங்க. போயிடலாம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி ஓடினார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நானும் இறங்கினேன். முழங்கால் அளவு சேற்றில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நெற்பயிருக்கு நடுவே மீன்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. அவருடைய இடக்கை மணிக்கட்டு கோணியிருந்தது. பள்ளிக்குப் பக்கத்து மீனவர் கிராமமான பட்டினச்சேரியைச் சேர்ந்தவர், பெயர் செல்வி, ஏலத்தில் மீன் எடுத்துக் காரைக்கால் தெருக்களில் விற்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"கண்ணுல சுண்ணாம்பு அப்புன மாதிரி இருந்துச்சு. ரோடே தெரியல" என்றார் அவர்.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "பனிதான் காரணம். சார் நல்லவரு, நிறுத்தி எறங்கியிருக்காரு" என்றார் ஒருவர். சார் தலையை அசைத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"பனியில்லீங்க" என்றார் சார். "என் லைட்டாலதான் விழுந்தாங்க."

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார். செல்வியின் கணவர் வந்ததும் அவரிடமும் சொன்னார். அவர் நேராகக் கடலிலிருந்து கரையேறி வந்திருந்தார். "வாத்தியாருங்கிறீங்க. எதிர்ல வர்றவங்களுக்கும் கண்ணு இருக்குன்னு தெரியாதா?" என்று கேட்டார். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பல்பு விற்றவனைச் சொல்லவில்லை, பனியைச் சொல்லவில்லை, அகல் விளக்கு என்று சொன்ன என்னையும் சொல்லவில்லை. "தெரியல. தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

கை சேர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஆறு வாரமும் நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினோம். முதலில் பட்டினச்சேரி. ஏலம் முடிந்து செல்வி காத்திருப்பார். கூடைகளைப் பின்சீட்டில் வைத்து, அவரையும் ஏற்றிக்கொண்டு, திருமலைராயன்பட்டினம் கடைத்தெரு முனையில் இறக்கிவிடுவோம். கட்டுப்போட்ட கையோடு தெருத்தெருவாகப் போக முடியாததால் அங்கேயே உட்கார்ந்து விற்றார். அவருடைய நாத்தனார் மீன் வெட்டிக் கொடுத்தார். நான் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு முன்சீட்டில் வருவேன். முதல் வாரம் செல்வியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் வாரம் அவராகவே ஒரு பொட்டலத்தை நீட்டினார். "நெத்திலி டீச்சர். பொடியா இருக்கும், வறுத்துக்குங்க." அதன் பிறகு பொட்டலம் வராத நாளில்லை.

இதற்கிடையே சார் யூசுப் பாயிடம் போனார். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் பாய்" என்றார். பாய் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. "பல்பக் குடுங்க" என்று வெள்ளை பல்புகளைக் கழற்றி வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். கறுத்திருந்த ரிஃப்ளெக்டர்களை மாற்றினார். பழைய வயரில் மின்சாரம் பாதி வழியிலேயே இளைத்துப் போவதைக் காட்டி, புது வயர் இழுத்து, பேட்டரியிலிருந்து மின்சாரம் நேரே வரும்படி ரிலே வைத்தார். சாதாரண பல்புகளே அதற்குப் பிறகு நன்றாக எரிந்தன. மஞ்சள் கலந்த, சாலையோடு தவழ்கிற வெளிச்சம்.

"எறக்கம் ஏத்தம் மட்டும் பாத்துக்கணும். செவுத்துல லைட்ட அடிச்சுப் பாக்கலாம்" என்றார் பாய்.

"செவுரு சொல்லாது பாய்" என்றார் சார்.

அன்று அந்தி மயங்கும்போது பட்டினச்சேரிக்குப் போகும் சாலையில் காரை நிறுத்தினோம். கடல் ஒரு சாம்பல் கோடாக இருந்தது. செல்வி தன் மொபெட்டில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நூறடி தள்ளி எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் முன்பக்கம் குனிந்து திருப்புளியால் விளக்கின் திருகைத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் எறக்குங்க" என்று செல்வியின் குரல் வந்தது. "இன்னும். அந்தப் பக்கத்து கண்ணு குத்துது. ம்ம்."

சார் செல்வியின் பக்கத்தில் போய்க் குந்தினார், அவருடைய கண்ணுக்குத் தன் கண் சமமாக இருக்கும்படி. அப்படியே வெகுநேரம் தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று நின்றிருந்தது. நாங்கள் எல்லோரும் ஏதோ தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தோன்றியது. திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "இத்தன படம் போட்டேன் டீச்சர். லைட் எரியுறப்ப ஒரு தடவகூட முன்னாடி போய் நிக்கல."

பிறகுதான் முகத்து வேலையை முடித்தார். பம்பரை நிமிர்த்தி, கறுப்பு கிரில் வைத்து, சாம்பல் கலந்த பச்சை அடித்தார். ராஜம் அம்மா ஏறி உட்கார்ந்து கோயிலுக்குப் போய்வந்தார். "இப்ப சாதுவா இருக்கு" என்றார் செல்வி, காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. சார் போன வருடம் ஓய்வு பெற்றார். இப்போது அவரே இல்லை.

சார் வீட்டில் காரியங்கள் முடிந்த பின் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. செல்வி வேலியோரம் தனியாக நின்றிருந்தார். அவரிடம் போனேன். "செல்வி, அன்னைக்கு நீங்க விழுந்தப்ப, போயிடலாம்னு சார்கிட்ட சொன்னேன். கிளாஸுக்கு நேரமாச்சுன்னு…" என்று தொடங்கியவள், காரணத்தை அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். "போயிடலாம்னு சொன்னேன்."

"தெரியும் டீச்சர்" என்றார். "கார் கதவு தொறந்துதான கெடந்துச்சு. காதுல விழுந்துச்சு."

அந்த ஆறு வாரமும் தெரிந்துகொண்டேதான் பொட்டலம் கட்டியிருக்கிறார். நான் அழுதேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

நண்பர்களே, சாருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டு, அதோடு வேறு எதையும் சேர்க்காமல் அவர் நின்ற அந்தச் சிறு நேரம். அப்படி நிற்க எனக்கு நாலு வருடம் ஆயிற்று.