முதல் முடிச்சு

என் தம்பி முதலில் தாலி கட்டியது எங்கள் வீட்டுப் பச்சைக் குடத்துக்கு.

திட்டக்குடியில் மக்காச்சோளம் அடிக்கும் மெஷினில் அவன் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. சிதம்பரத்தில் மின்சாரக் கை பொருத்தினார்கள். மிச்சமிருக்கும் தசையை இறுக்கினால் விரல்கள் மூடும், விரிப்பதுபோல நினைத்தால் திறக்கும். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து குடத்தின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பழகினான். "குடத்துக்கு வெக்கம் வந்துடப் போவுதுடா" என்று கிண்டல் செய்வேன். சிரிக்க மாட்டான்.

"மொத முடிச்சு நான்தான் போடணும்க்கா. நாத்தனார் முடிச்சு ரெண்டும் நீ போட்டுக்க."

பெண் வீட்டார் யாரும் அவனுடைய மொட்டைக் கையைப் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது என்பான்.

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலில் நிற்க இடம் கிடையாது. அடுத்த ஜோடி மாலையோடு எங்கள் பின்னாலேயே காத்திருந்தது. பட்டுச் சட்டைக்குள் தம்பிக்கு வியர்த்து ஊற்றியது. வியர்த்தால் அந்தக் கை சொன்ன பேச்சு கேட்காது. அது எங்களுக்குத் தெரியும். வியர்க்காமல் எப்படிக் கல்யாணம் செய்வது என்றுதான் தெரியவில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. கயிற்றைப் பெண்ணின் கழுத்தில் சுற்றி, ஒரு நுனியை அந்தக் கையால் பிடித்தான். மூடிய விரல்கள் மூடியபடியே நின்றுவிட்டன.

"அக்கா, தொறக்க மாட்டேங்குது."

கையிலிருந்த விளக்கை யாரிடமோ கொடுத்துவிட்டு விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். அசையவில்லை. மேளம் நிற்பதற்குள் மூன்று முடிச்சையும் நானே போட்டேன். அப்போதும் நுனி அவன் பிடியில்தான் இருந்தது. குனிந்த தலை நிமிர முடியாமல் "என்னங்க ஆச்சு?" என்றாள் பெண்.

"நுனிய நறுக்கிடலாம்" என்றார் எங்கள் மாமா.

"தாலிக் கயித்துல கத்திரி வெக்கிறதா?" என்று பெண்ணின் அம்மா பதறினார்.

பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். தம்பி சட்டைக் கையைச் சுருட்டினான். எல்லோரும் பார்க்க, அந்தக் கையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

பெண் முன்னால் நடந்தாள். அவள் தாலிக் கயிற்றைப் பிடித்திருந்த என் தம்பியின் கையை ஏந்திக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். மண்டபத்தைத் தாண்டியதும் லேசாக உறுமிவிட்டு விரல்கள் தானாகவே திறந்துகொண்டன. அதைக் கெடிலம் ஆற்றில் வீசிவிடலாமா என்று ஆத்திரம் வந்தது.

தம்பி மொட்டைக் கையை நீட்டினான்.

"மாட்டி வுடுக்கா. அடுத்தது மெட்டி போடணும்."