உமி போட்ட ஏற்றம்

அவள் வழுக்கி விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். கோயிலில் வைத்து அல்ல. பின்னாலேயே நடக்கும்போது, மனதுக்குள். கால் ஒடிய வேண்டாம், கை பிசக வேண்டாம். நாலு பேர் பார்க்க ஒருமுறை சேற்றில் உட்கார்ந்து எழுந்தால் போதும். அதுகூட நடக்கவில்லை.

நாங்கள் இருவரும் கல்வராயன் மலையில் கிராம நர்ஸுகள். நான் தியாகதுருகம். அவள் திருநாவலூர்ப் பக்கம், என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். ஒரே மாதம் வேலையில் சேர்ந்தோம். அவளுடைய ஊர்கள் முடியும் இடத்தில் என்னுடையவை தொடங்கும். பஸ் நிற்கிற இடத்திலிருந்து எல்லா ஊருக்கும் நடைதான். வெயில் காலத்தில் அதில் ஒன்றும் கஷ்டமில்லை. ஐப்பசி பிறந்ததும் செம்மண் களியாகிவிடும், பாறையில் பாசி ஏறிவிடும். விளக்கெண்ணெய் கொட்டிய அம்மிக்கல்லின் மேல் ஏறுவது போலத்தான் இருக்கும்.

அந்த முதல் மழையில் மட்டும் நான் எட்டு முறை விழுந்தேன். தடுப்பூசிப் பெட்டி உடையக் கூடாதே என்று அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விழுவேன். அதனால் கையை ஊன்ற முடியாது, முழு ஆளாக விழுவேன். குடையை ஊன்றி நடந்து பார்த்தேன், கம்பி வளைந்ததுதான் மிச்சம். மலை ஜனங்கள் சிரிக்கவே மாட்டார்கள். ஓடி வந்து தூக்கிவிட்டு, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவார்கள். சிரித்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

அவளோ வெறுங்காலில் கட்டைவிரலைச் சேற்றில் குத்தி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, விறுவிறுவென்று ஏறிவிடுவாள். செருப்பு பைக்குள் இருக்கும். ஊர் எல்லை வந்ததும் எடுத்து மாட்டிக்கொண்டு, "செருப்பு போட்டு நடங்க, கொக்கிப்புழு ஏறும்" என்று பாடம் சொல்லுவாள்! நானும் அதே பாடத்தைத்தான் சொன்னேன். சொன்ன வாய்க்கு மரியாதை வேண்டாமா என்று ரப்பர் செருப்போடு ஏறி, சறுக்கிச் சறுக்கிச் செத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவளுக்கு மட்டும் சறுக்காது.

நடையோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். என் ஊர்ப் பெண்களே பிரசவத்துக்கு அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மழையில் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பவளைத்தானே கூப்பிடுவார்கள்? நியாயம்தான். நியாயம் தெரிந்தால் வயிறு எரியாதா என்ன? சேர்ந்து ஐந்து மாதமாகியும் அந்த மலையில் ஒரு குழந்தைகூட என் கையில் பிறக்கவில்லை.

ஒருத்தி மட்டும் எனக்கென்று இருந்தாள். என் கடைசி ஊரில், மேட்டின் உச்சியில் வீடு. தலைப்பிரசவம். சேர்ந்த நாளிலிருந்து வாராவாரம் புதன்கிழமை அவளைப் போய்ப் பார்த்துவந்தேன். "நீங்கதாம்மா வரணும், வேற ஆரும் வேணாம்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். அந்தப் பிரசவம் என்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஒரு புதன்கிழமை அவள் வீட்டு மேட்டிலேயே வழுக்கி விழுந்து, அடிவரை உருண்டு வந்தேன். அடுத்த புதன்கிழமை தடுப்பூசி போட ஆள் அதிகம் என்று திருநாவலூர்க்காரியும் என்னுடன் வந்தாள். பார்த்தால், அந்த மேட்டில் சாமை உமியும் அடுப்புச் சாம்பலும் கலந்து, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குத் தூவியிருக்கிறது. அப்போதுதான் சாமை அறுத்து இடித்திருந்தார்கள். களிமண்ணில் உமி ஒட்டிக்கொண்டால் கால் பிடிக்கும். சேற்றில் நடக்கத் தெரியாத வெளியாள் யாராவது வீட்டுக்கு வந்தால் இப்படிப் போடுவது அவர்கள் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. இத்தனை நாள் நான் தனியாக வந்தபோது ஒரு பிடி உமி இல்லை. இவள் வருகிறாள் என்றதும் பாதை விரித்துவிட்டார்கள். அவளானால் அதை மிதிக்கக்கூட இல்லை. ஓரமாகச் சேற்றிலேயே ஏறிப் போனாள். அந்தத் திமிரைப் பார்த்துக்கொண்டே நான் உமிமேல் ஏறினேன். விழவில்லை. அந்தச் சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியவில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை விடியலிலிருந்து மழை. பத்து மணிக்குத் தூறலாகக் குறைந்தது. தனியாகக் கிளம்பினேன். இரண்டு முறை விழுந்து எழுந்து அந்த மேட்டடிக்கு வந்தால், உமி. புதிதாக, அப்போதுதான் தூவியது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. வலி எடுத்திருக்கிறது, திருநாவலூர்க்காரிக்கு ஆள் போயிருக்கிறது. நீங்கதான் வரணும் என்று என்னிடம் ஒரு பேச்சு, உமி அவளுக்கு. உள்ளே போய் அவள் பிரசவம் பார்ப்பதற்கு நான் வெந்நீர் தூக்க வேண்டுமா? வீடு கூப்பிடு தூரம். முப்பது எட்டு வைத்தால் வாசல். நான் திரும்பிவிட்டேன். என் அறைக்கு வந்து, சேலை மாற்றி, டீ போட்டுக் குடித்தேன். அந்த டீ நன்றாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு வெளியே சத்தம் கேட்டது. நாலு பேர் மூங்கிலில் டோலி கட்டி அந்த மேட்டு வீட்டுப் பெண்ணைத் தூக்கிவந்தார்கள். பக்கத்திலேயே திருநாவலூர்க்காரி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டோலிக்குள் கைவிட்டு அவள் அடிவயிற்றைத் தேய்த்தபடி ஓடிவந்தாள். குழந்தை புருஷன் கையில் துணிச்சுருளுக்குள் அழுதது.

"அக்கா! நஞ்சுக்கொடி வுழுந்துடுச்சு, ரத்தம் நிக்கல. இன்னா பாத்துக்கினு நிக்கிற? வா!"

ஓடினேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஜீப் கிடைத்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் இருவரும் மாறிமாறித் தேய்த்தோம். அவள் பிழைத்தாள். இன்றைக்கும் அதை எழுதும்போது ஒருமுறை மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் புருஷன் என் எதிரே வந்து குந்தினான்.

"காலையிலயே வலி எடுத்துடுச்சும்மா. புதங்கெழமையாச்சே, நீங்க வந்துடுவீங்கன்னு வேற ஆரையும் கூப்புடல. அன்னிக்கு நீங்க உருண்டதுலயிருந்து அவளுக்கு அதே பயம். வலியோடவே, எந்திரிச்சுப் போயி உமி போடு, நர்ஸம்மா வுழுந்துடப் போறாங்கன்னு என்னைய வெரட்டுனா. போட்டு வச்சனே, பாக்கலீங்களா?"

அவன் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"மழையில கரைஞ்சு போயிருக்கும்பா," என்றேன். "ரொம்ப வழுக்குச்சு. அடியிலயிருந்தே திரும்பிட்டேன்."

அவன் தலையாட்டினான். உமிக்கு அவ்வளவுதான் ஆயுசு என்று அவனே எனக்கு சமாதானம் சொன்னான். குழந்தை பிறந்து வெகுநேரம் கழித்து, ரத்தம் நிற்கவில்லை என்று பார்த்த பிறகுதான் ஓடிப்போய் திருநாவலூர்க்காரியைக் கூட்டிவந்தானாம்.

திரும்பும் பஸ்ஸில் திருநாவலூர்க்காரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் கச்சிராயபாளையம் தாண்டியது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"குடுத்து வச்சவக்கா நீ. நானுந்தான் ஏறி எறங்கிக்கினு இருக்கேன். எனக்கு ஆராவது ஒரு பிடி உமி போட்டாங்களா? ஒனக்குப் போட்டத மிதிக்கக்கூடப் புடிக்காமத்தான் அன்னிக்கு ஓரமாவே ஏறுனேன். நானும் வுழுந்துக்கினுதான் இருக்கேன், ஆளு பாக்காத எடத்துல."

அவளுக்கு என்மேல் பொறாமை! இத்தனை நாள் நான் ஏங்கிக் கிடந்த சேதி அது. கேட்டதும் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. உண்மையை அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அந்த ஊருக்குப் போனேன். மேட்டில் உமி இல்லை. அடியிலிருந்து உச்சிவரை மண்ணை வெட்டி, ஓடையிலிருந்து பலகைக்கல் சுமந்து வந்து, அவள் புருஷன் படியாகப் பதித்திருந்தான். பதினெட்டுப் படி. மேல் படியில் அவள் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள், இன்னும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. அவன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இது மழையில கரையாதும்மா. இனிமே திரும்பிப் போவாதீங்க."

இன்னும் நாலு மழைக்காலம் அந்த மலையில் வேலை பார்த்தேன். மற்ற ஊர்களில் விழுந்துகொண்டேதான் இருந்தேன். அந்தப் படியில் மட்டும், இந்த ஒருமுறையாவது விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஏறியிருக்கிறேன். ஒருநாளும் விழவில்லை.