முதலாளி ஏற்றிய கற்பூரம்

அருளம்மாளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைச் செஞ்சிக் கோட்டை வட்டாரம் கண்டிருக்காது. இடி இடித்தால் "சேசுவே!" என்று கட்டிலடியில் நுழைந்துவிடுவாள். ராஜகிரி மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குக்குப் பயம். திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்தால் பயம். காக்கிச் சட்டை போட்டவர் தபால்காரராக இருந்தாலும் பயம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஜெயராமன் முதலாளியின் ரைஸ் மில்லில் களத்து வேலைக்குச் சேர்ந்தாள். அவித்துக் கொட்டிய நெல்லை வெயிலில் காலால் கிளறிவிட வேண்டும். வேலை போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டேதான் கிளறினாள்.

முதலாளியை ஒரேயடியாகக் கெட்டவர் என்றும் சொல்லிவிட முடியாது. பொங்கலுக்குப் புடவை கொடுப்பார். சட்டப்படி மாட்ட வேண்டிய விதிப் பலகையைக்கூட மாட்டியிருந்தார், லட்சுமி படத்துக்குப் பக்கத்திலேயே. ஓடுகிற பெல்ட்டுக்கு இரும்பு மூடி போட்டிருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஆயுத பூஜைக்கு அந்தப் பலகைக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. படிக்கத்தான் ஒருவரும் இல்லை!

அறுபத்து நாலாம் வருஷம், தை அறுவடை. நெல் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. பெல்ட் அடிக்கடி நழுவியது. ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றி மாட்டினால் நேரமாகிறதே என்று முதலாளிக்கு எரிச்சல்.

"அத்தக் கழட்டிப் போடு பாய். அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

இஞ்சின் ஓட்டும் சாந்த் பாஷா கழற்றி வைத்தார். களத்தில் நின்ற அருளம்மாளின் காதிலும் அது விழுந்தது. விழாமல் இருந்திருக்கக் கூடாதா, பாவிக் காது!

மறுநாளே மூட்டை தூக்கும் ராஜாங்கத்தின் வலது கையைப் பெல்ட் இழுத்துக்கொண்டது. உயிர் தப்பியது, கை போய்விட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும் முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. எல்லாரையும் களத்துக்குக் கூப்பிட்டார்.

"ராஜாங்கம் குடிச்சிட்டு வந்து கைய உட்டுட்டான். மூடி இருந்துது. அல்லாரும் இதத்தான் சொல்லணும்."

அடப்பாவி மனுஷா! சாராய வாடையே ஆகாதவன் ராஜாங்கம். அதுவோ மதுவிலக்குக் காலம். குடித்தான் என்று எழுதிவிட்டால் நஷ்ட ஈடும் கிடைக்காது. கை போனவன் கோர்ட்டு வாசலிலும் நிற்க வேண்டும். அவன் பெண்டாட்டி மீனம்பாளுக்கு இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று.

வெறும் மிரட்டலை முதலாளி நம்பவில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் குங்குமத்தைத் தட்டில் பரப்பி, நடுவில் கற்பூரம் ஏற்றி வைத்தார். ஆளாளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அணைக்க வேண்டும். ஒரு தடவை சத்தியம் செய்துவிட்டால் அப்புறம் ஒருவனுக்கும் நாக்குப் புரளாது என்பது அவர் கணக்கு.

"அருளு, மொதல்ல நீ வா. நீதான் கிட்ட நின்ன. ஒங்க சாமிக்கு இது கெடையாதுன்னு நழுவாத. கழுத்து ஜெபமாலையப் புடிச்சிக்கினு சொல்லிட்டு அணை. இல்லன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

அருளம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். சொன்னால் மீனம்பாள் நடுத்தெருவில் நிற்பாள். சொல்லாவிட்டால் தன் பெண்கள் பட்டினி. பொய்ச் சத்தியம் செய்த குடும்பம் விளங்காது என்று எத்தனை கதை கேட்டிருக்கிறாள்! ஒரு சாமியிடம் மாட்டினாலே மீள்வது கஷ்டம், இங்கே மாதாவும் அங்காளம்மனும் சேர்ந்தல்லவா பார்க்கிறார்கள்! வேறு யாராவது முன்னால் போகட்டும், அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"மொதல்ல நீங்க அணைங்க மொதலாளி. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா நானும் அணைக்கிறேன்."

அவள் எகத்தாளமாகச் சொல்லவில்லை. அவளுக்கு ஏது எகத்தாளம்! ஆனால் களத்தில் இருந்த அத்தனை பேரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா பேச்சு இது" என்று சிரித்துக்கொண்டே அவர் கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. அவருக்கு ஒரே மகன். கை அந்தரத்தில் நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

"காத்து அடிக்குது. அப்பறம் வெச்சிக்கலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். காற்றே அடிக்கவில்லை. கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது அருளம்மாள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "குடிக்கல சாமி. மூடி இல்ல. மொதலாளிதான் கழட்டச் சொன்னாரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நெல் குவியலோரம் உட்கார்ந்து அழுதாள். "கழட்டுனது நான்தாங்க" என்று சாந்த் பாஷா முன்னால் வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள்.

மறுநாள் அருளம்மாளை மில்லுக்குள் விடவில்லை. அவள் பயந்தது அப்படியே நடந்தது. சாயங்காலம் மீனம்பாள் வீடு தேடி வந்து, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒனக்கு எப்டிக்கா அவ்ளோ தைரியம் வந்துது?"

"தைரியமா? போடி இவளே. கொளுத்தி வெச்ச அந்தாளே தொடப் பயந்துட்டான். அத்தப் பாத்துட்டு, பொய் சொல்ற தைரியம் எனக்கு எங்கேர்ந்துடி வரும்?"