பதினொரு மேற்படிகள்

எழுதச் சோம்பல்பட்டு ஒரு மொழியையே ஊரை விட்டு அனுப்பிவைத்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தபோது, பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க நீல அட்டைப் பதிவேடு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஏரிக்கரையோரம் நரிக்குறவர் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தாய்மொழிக் கட்டத்தில், முந்தைய தெருவின் கடைசிப் பிள்ளைக்கு ‘தமிழ்’ என்றிருந்தது. அதன் கீழே, வீட்டில் வேறு மொழி பேசும் இந்தப் பதினொரு பிள்ளைகளுக்கும் ‘மேற்படி, மேற்படி’ என்று இழுத்துவிட்டு மோர் குடிக்க வீட்டுக்குப் போய்விட்டேன். இத்தனைக்கும் மொழிப்பற்றைப் பற்றி மேடையில் பேசுகிறவன் நான்.

அங்கே பாசிமணி விற்கும் ஒருவர் இருந்தார். என்னோடு கரையில் நடக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டே ஏரிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லுவார். குஞ்சைத் தொலைத்த நாரையின் கத்தலுக்கு அவர் மொழியில் ஒரு சொல்; பருந்தைக் கண்டு கத்துவதற்கு இன்னொன்று; மழைக்கு முந்தின நாள் கத்தலுக்கு வேறொன்று. “உங்க பாஷைல இதுக்கு இன்னா சாமி?” என்பார். படித்த புத்தகங்களையெல்லாம் மனசுக்குள் புரட்டிவிட்டு, “கத்துதுன்னு சொல்லுவோம்” என்பேன்.

அவர் மகள் ஒன்றாம் வகுப்பில் என் எதிரே உட்கார்ந்து, நான் சொல்வது ஒன்றும் புரியாமல் அழுதாள். மணிக்காரரின் மச்சான் எட்டாவது படித்தவர். அவரை வகுப்பில் உட்காரவைத்து இரண்டு மொழியிலும் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் தேறிவிடும் என்று, ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் மணிக்காரர் மனு கொடுத்தார். அதிகாரி நீலப் பதிவேட்டைப் புரட்டினார்.

“எல்லாம் தமிழ்னுதானே கீது? அப்புறம் இன்னாத்துக்குய்யா இன்னொரு ஆளு?”

மணிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகை.

மகள் தேற வேண்டுமே என்று, அன்றோடு அவளிடம் தம் மொழியில் பேசுவதை அவர் நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த தமிழோ சந்தையில் மணி விற்கக் கற்றுக்கொண்டது. “எம் பொண்ணுகிட்டயே யாவாரம் பேசறாப்பல பேசிக்கினு கீறேன் சாமி. அது அழுவும்போது இன்னா சொல்றதுன்னு தெர்ல” என்றார் ஒருநாள்.

ஐந்தாம் வகுப்பில் அவள் முதலாவதாக வந்தாள். ஏரியைப் பற்றிக் கட்டுரை: ‘ஏரியில் பறவைகள் உள்ளன. அவை கத்தும்.’ பத்துக்கு ஒன்பது போட்டேன். போட்ட கையை என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் பதிவேட்டை எந்த அலமாரியில் கரையான் தின்றதோ. பதினொரு மேற்படிகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சில வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் கடை விரித்திருந்த மணிக்காரரின் முன்னால் குந்தி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கோத்துக்கொண்டிருந்த மணியை அவர் கீழே வைக்கவில்லை.

“தெரியும் சாமி. ஒண்ணுமே கேக்காம எழுதிக்கினு இருந்தே. நான் எதிர்லதானே நின்னுக்கினு இருந்தேன்.”

நான் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வார்த்தை தேடினார். பிறகு சொன்னார்:

“மணி வாங்கிக்கிறியா சாமி? கொறச்சுக் குடுக்கறேன்.”