சாமிக்காக நிறுத்திய காற்று

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் பிள்ளையார் சன்னதியும் கழிவுநீர்த் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில். இடம் பார்த்துக் கட்டியவர்களை என்ன சொல்ல. இரண்டுக்கும் எதிரே தரைத்தளத்தில் என் வீடு.

எல்லா வீட்டுச் சமையலறை, கக்கூஸ் தண்ணீரும் அந்தத் தொட்டிக்குத்தான் வரும். புளோயர் என்கிற மோட்டார் தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் பிழைக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். காற்று நின்றால் அவை செத்துவிடும். குடிவந்த புதிதில் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துத்தான் இதைச் சொன்னார்கள். எட்டாவது படித்த எனக்கே புரிந்தது. தெளிந்த தண்ணீர் செடிகளுக்குப் போகும். அதில் பூக்கும் நந்தியாவட்டையைத் தினமும் கட்டி நான் பிள்ளையாருக்குச் சாத்துவேன்.

வருஷாபிஷேகம் வந்தது. புளோயர் இரைச்சலில் மந்திரம் கேட்கவில்லையாம். மூன்று நாள் பூஜைகள் முடியும்வரை நிறுத்தச் சொல்லிவிட்டார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். வேண்டாம் என்று போய்க் கெஞ்சினேன்.

"சாமி காரியம்க்கா. ஒண்ணும் ஆகாது. நாத்தம் வந்தா சாம்பிராணி போட்டுக்கலாம்."

அன்னதானப் பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரும் அதே தொட்டிக்குள் போனது. மறுநாளே அழுகின முட்டை வாடை. செடிக்குக் கறுப்பாகத் தண்ணீர் பாய்ந்தது. பூவைப் பறிக்க எனக்குக் கை வரவில்லை.

கடைசிப் பூஜையில் குருக்கள் எல்லோர் முன்னாலும் மாலை எங்கே என்று கேட்டார்.

"அந்தத் தண்ணி பாஞ்ச பூவை எப்படிக் கொடுப்பேன்?" என்றேன்.

செயலாளர் குறுக்கே வந்து, மந்திரம் சாமி காதில் விழ வேண்டாமா, அதற்குத்தானே நிறுத்தினோம் என்றார்.

"காது மட்டுமா சார்? நம்ம சாமிக்கு இருக்கறதுலயே பெருசு மூக்குதானே?"

குருக்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்புக்கா, வாடைக்கா தெரியாது. யாரோ போய் ஸ்விட்சைப் போட்டார்கள்.

போட்டு என்ன? செத்தது செத்ததுதான். ஆள் வந்து சாணியைக் கரைத்து ஊற்றி, வேறு குடியிருப்புத் தொட்டியிலிருந்து சேறு கொண்டுவந்து கலந்து, புதிதாக உயிர் பிடிக்க வைக்கிறார். இன்னும் தெளியவில்லை. செயலாளர் அதைச் சோதனைக் காலம் என்கிறார். யார் கொடுத்த சோதனை? சத்தமாக இருக்கிறது, நிறுத்து என்று பிள்ளையார் கேட்டாரா? தன் பக்கத்திலேயே இத்தனை உயிர் மூச்சுமுட்டிச் சாகட்டும் என்று எந்தச் சாமி கேட்கும்?

இப்போது குடிதண்ணீர் ஊற்றி மண்சட்டியில் அருகம்புல் வளர்க்கிறேன். தண்ணீர் தெளிகிறவரை அவருக்கு அதுதான் மாலை.