மூன்று ஒன்ஸ் மோரும் தேவகியின் கடைசிக் காட்சியும்

எங்கே நாடகம் என்றாலும் ஓடிவிடுவேன். சபா நாடகம், மெல்லிசைக் கச்சேரி, ஆட்டமும் பாட்டுமாக மேடையேறும் இசை நாடகம், எதையும் விட்டதில்லை. வீட்டில் எனக்கு 'முன்வரிசை' என்றே பட்டப்பெயர். அந்தப் பைத்தியம்தான் போன ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பழவேற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. போகாமலே இருந்திருக்கலாம்.

காரணம் தேவகி. பொன்னேரிக்கு ஒரு வேலையாகப் போனபோது சந்தையில் அவரிடம் இறால் வாங்கினேன். எடை போட்டுக்கொண்டே காதில் விழாதபடி ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று கேட்டால் நாடக வசனம்!

"எங்க குப்பத்துல திருவிழா நாடகம்கா. யாருக்கு இன்னா வேசம்னு சீட்டுப் போட்டுதான் எடுப்பாங்க. இந்த வாட்டிதான் பொம்பளைங்க பேரையும் போட்டாங்க, எனக்கு வுழுந்துடுச்சி. கடைசி சீன் மட்டும்தான். ஆனா அதான்கா நாடகமே" என்றார். அவருடைய அப்பாவுக்கு மட்டும் இதில் இஷ்டமில்லையாம். "பொம்பளைக்கு இன்னா நாடகம்னாரு நைனா. வந்து பாரு, அப்பால பேசுன்னேன். வரேன்னுட்டாரு." இதைக் கேட்ட பிறகு நான் போகாமல் இருப்பேனா?

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பொன்னேரி. டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம், சுமார் பதினெட்டு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைத்தெருவில் மீன் சாப்பாடு நூற்றிருபது ரூபாய், குழம்பில் காரம் தூக்கல். டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்னார். நாடகம் இருக்கும்போது எனக்குக் கல்லறையில் என்ன வேலை?

பாலத்தைத் தாண்டிக் குப்பத்துக்குப் போக ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். ஓட்டுநர்தான் விஷயத்தைச் சொன்னார். "ரெண்டு மணிக்குச் சரியா ஆரம்பிச்சுடுவாங்க மேடம். ஆறு மணிலேர்ந்து ஏரில அவங்க பாடு. அஞ்சரைக்குள்ள முடிச்சினு படகு எடுக்கணும்."

பாடு என்றால் முறை. ஏரியில் எந்த இடத்தில் எந்தக் குப்பம் எப்போது வலை விடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். தன் முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினேன். காதில் வாங்கினேனே தவிர மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

கங்கையம்மன் கோயிலை ஒட்டிக் கீற்றுப் பந்தல். ஏரி முழுக்கத் தனக்கே சொந்தம் என்று வேலி போடும் ஒரு ராஜாவின் கதை, ஊர்க்காரர்களே கட்டியது. கடைசியில் ஒரு மீன்காரி சபைக்கு வந்து கேள்வி மேல் கேள்வி கேட்க, ராஜா தன் மணிமுடியைக் கழற்றி வைப்பான். அந்த மீன்காரிதான் தேவகி. நைனா நரைத்த மீசையோடு மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு, கேட்கவே வேண்டாம், முதல் வரிசை.

ராஜாவாக வந்த ஏழுமலைக்கு என்ன குரல்! மைக்கே தேவையில்லை. முதல் பாட்டு முடிந்ததும் என்னையறியாமல் "ஒன்ஸ் மோர்!" என்று கத்திவிட்டேன். பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு பந்தலே சேர்ந்துகொண்டது. வெளியூர் விருந்தாளி கேட்டால் மறுக்கக் கூடாதாம். ராஜா எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புதிதாக இரண்டு அடி சேர்த்து, ஆட்டத்தோடு மறுபடியும் பாடினார். மந்திரி பாட்டுக்கு இன்னொரு முறை கத்தினேன். ராஜாவின் சோகப் பாட்டுக்கு மூன்றாவது முறை. அப்போது தேவகி திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக் கையை வேறு ஆட்டினேன். கடவுளே!

ஐந்தே காலுக்கு ஒருவர் மேடையேறி ஆர்மோனியக்காரர் காதில் ஏதோ சொன்னார். பாட்டு நின்றது. ராஜா முடியைக் கழற்றி ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டு, ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைப் பக்கம் ஓடினார். மந்திரியும் ஓடினார். பந்தலில் இருந்த ஆண்களும் எழுந்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு காட்சிதானே!" என்று ஒருவரை மறித்துக் கேட்டேன்.

"பாடு போச்சுன்னா யாரும்மா திருப்பிக் குடுப்பா?" என்று கேட்டுவிட்டு அவரும் போய்விட்டார். யாருக்கும் கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

தேவகி கரையில் நின்றிருந்தார். முகத்தில் அரிதாரம், இடுப்பில் நாடகத்துக்கான மீன்கூடை. மன்னிப்புக் கேட்டேன்.

"நீ இன்னாக்கா பண்ணுவ? நல்லாத்தான் பாடினாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடலாமே என்றேன். "பந்தலைப் பிரிச்சுடுவாங்க. அடுத்த வருசம் மறுபடி சீட்டு. வேசமும் பாடு மாதிரிதான்கா, வுட்டா வுட்டதுதான்."

எனக்காவது நடித்துக் காட்டச் சொன்னேன். அவர் தூரத்துப் படகைக் காட்டினார். "பாக்க வேண்டியவரு அதுல போறாரு." நைனா அதில் கோல் ஊன்றிக்கொண்டிருந்தார்.

தேவகி கூடையை மணலில் இறக்கி வைத்தார். பிறகு அவர், "நல்லா பண்ணியிருப்பேனாக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா" என்றேன். அந்தக் காட்சியில் ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை.

போக நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். குடிக்கத் தண்ணீரும் தலைக்குத் துண்டும் அவசியம். திருவிழாத் தேதியைப் பழவேற்காட்டு மீன் கடைகளில் கேட்டால் சொல்வார்கள். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காமல் அலைந்தேன், வரும்போதே பேசி வைத்துவிடுங்கள். பாட்டு பிடித்தால் கை தட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சீட்டில் மறுபடியும் தேவகி பெயர் விழுந்து, நீங்கள் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டால், அவர் எப்படி நடித்தார் என்று எனக்கு எழுதுங்கள். நன்றாக நடிப்பார் என்று நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.