ஒரு இஞ்சு ஆட்டம்

ஆவணி பன்னிரண்டு, செவ்வாய். வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, ஆனியில் வாங்கிய பழைய சின்ன டிராக்டரின் ஆயிலும் தண்ணீரும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினேன். பத்து மணிக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். சில நாட்களாக உழும்போது எஞ்சின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. விற்றவர் தேய்ந்த கிளட்சைத் தலையில் கட்டிவிட்டார் என்று, அவரை ஏரல் சந்தையில் நாலு பேர் முன்னால் ஏமாற்றுக்காரர் என்று சொல்லியிருந்தேன்.

மெக்கானிக் ஒல்லியானவர், காதில் பென்சில். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் எந்த வண்டியின் பெடலையும் அழுத்திப் பார்ப்பார்.

"பெடல்ல ஆட்டமே இல்லையே அண்ணாச்சி. ஒரு இஞ்சு சும்மா ஆடணும். இல்லேன்னா காலை எடுத்தாலும் கிளட்ச் முழுசாப் பிடிக்காது, வழுக்கித் தேஞ்சிரும். இந்த நட்டை யாரு முறுக்குனது?"

"வித்தவருதான்," என்றேன்.

கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று கேட்டார். பெருமையோடு குறிப்பேட்டை நீட்டினேன். வரிவரியாக விரல் வைத்து வாசித்தவர் ஓரிடத்தில் நின்றார். 'ஆடி நான்கு: கிளட்ச் பெடல் தொளதொளவென்று ஆடியது. நானே நட்டை முறுக்கி ஆட்டத்தை நிறுத்தினேன்.'

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு வே," என்று சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

அதுவரை அவருக்கு நான் அண்ணாச்சி; இப்போது வெறும் 'வே'. ஏன் பொய் சொன்னீர் என்று கேட்டிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருப்பேன். அவர் கேட்கவே இல்லை. பழுதைச் சரிசெய்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஆயில் பார்க்கவில்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏரலுக்கு ஏறினேன். அன்று சந்தை நாள்.